காலியில்லாத எழுத்து

எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பதென்றால் முதலில் பெயரைப் பார்க்க மாட்டார்கள், எழுத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்து, குழந்தை பெயரின் முதல் எழுத்து, இரண்டும் சேர்ந்தால் என்ன வருகிறது, அது ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு விசாரணையே நடக்கும். பெயருக்கு அர்த்தம் பார்க்கிறவர்கள் உண்டு, கூப்பிட நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் உண்டு. நாங்கள் பார்ப்பது துணி மாறிப்போகுமா என்பதை.

எங்களுடையது சலவைக் கடை. கீழே கடை, மேலே வீடு. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் உள்பக்கமாக, காலரிலோ இடுப்புப் பட்டியிலோ, கொண்டுவந்தவரின் இரண்டு எழுத்தை அழியாத மையால் எழுதிவிடுவோம். எத்தனை தரம் துவைத்தாலும் துணி கிழியுமே தவிர எழுத்து போகாது. வீட்டுத் துணிக்கும் அதே மிஷின்தான், அதே மைதான். என் நைட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் என் எழுத்து இருக்கும்.

கவுன்ட்டரில் உட்காருவது நான், இந்த வீட்டின் பெரிய மருமகள். ஆட்களின் முகம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. தெருவில் யாராவது சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். அவர் நாலடி நகர்ந்த பிறகுதான், 'அடடா, இது ப.சீ. ஆச்சே, போர்வையை வாங்காமல் போட்டு வைத்திருக்கிற ஆளாச்சே' என்று உறைக்கும். அதற்குள் அவர் தப்பித்திருப்பார்.

எழுத்து விவகாரம் முழுக்க என் மாமனாரின் தலைக்குள் இருக்கிறது. எது யாருடையது, எது காலி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓர் எழுத்து ஒருவருக்குத்தான் என்பது அவர் சட்டம். முன்பு ஒரு பல் டாக்டரும் ஒரு விளையாட்டு வாத்தியாரும் ச.மு. என்ற ஒரே எழுத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் டாக்டரின் வெள்ளைக் கோட்டு வாத்தியாருக்கும், வாத்தியாரின் அரைக்கால் சட்டை டாக்டருக்கும் போய்விட்டது. வாத்தியார் சிரித்துக்கொண்டே கோட்டைத் திருப்பித் தந்தார். டாக்டர்தான் கவுன்ட்டர் முன்னால் நின்று அந்த அரைக்கால் சட்டையை விரித்துப் பிடித்து, "இதைப் போட்டுக்கிட்டு நான் பல்லு புடுங்கவா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மாமாவுக்கு மானம் கப்பலேறிவிட்டது. அன்றிலிருந்து அதே எழுத்தில் இன்னொருவர் வந்தால் அவருக்கு எழுத்தின் கீழே ஒரு கோடு போட்டுவிடுவோம். ஊரைவிட்டுப் போனவர்கள், செத்துப்போனவர்கள், வேறு கடைக்கு மாறிய துரோகிகள், இவர்களுடைய எழுத்தெல்லாம் காலி. அடுத்து வருகிறவருக்கு அது போகும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கோடு கீடு எதுவும் ஆகாது. அவர்களுக்குச் சுத்தமான எழுத்துதான் வேண்டும். அதில் மாமா விட்டே கொடுக்க மாட்டார். என் மகள் பிறந்தபோது நான் பள்ளி நாளிலிருந்து ஆசையாக வைத்திருந்த ஒரு பெயரைச் சொன்னேன். மாமா கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அந்த எழுத்து எதிர்வீட்டு வக்கீலுக்கு இருக்கும்மா. வாரம் தவறாம கோட்டைச் சலவைக்குப் போடற மனுஷன்" என்றார். ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுக்காக என் மகளுக்கு வேறு பெயர் வந்தது. அவளிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

என் கொழுந்தன் கடையில் மிஷின் பார்க்கிறான். அவனைச் சின்னவன் என்போம், அவன் மனைவியைச் சின்னவள் என்போம். அவர்களுக்கு முதல் பையன் பிறந்தபோது பெயர் விஷயத்தில் எந்தத் தகராறும் வரவில்லை. அவர்கள் சொன்ன பெயருக்கு வ.க. என்று வந்தது, வ.க. அப்போது யாரிடமும் இல்லை. மாமா ஒரே தலையாட்டலில் முடித்துவிட்டார். அன்று சாயங்காலமே சின்னவன் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கை அகலத்தில் இருந்த சட்டைகள், துண்டுகள், தொப்பி, அந்தப் பையன் ஒரு வயதில் போட வேண்டியவை எல்லாவற்றிலும் வ.க. என்று எழுதித் தள்ளினான். பொம்மைக்கும் எழுதப் போனவனை நான்தான் தடுத்தேன்.

அந்தப் பையன் இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துணிப்பையோடு திரும்பி வந்தார்கள். இதை இதற்கு மேல் விரித்துச் சொல்ல எனக்கு வராது.

மாமா எங்களை எல்லாம் கூப்பிட்டு, "இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சே வேண்டாம். அந்தப் பொண்ணு தாங்காது" என்றார். நாங்களும் கட்டுப்பட்டோம். துணிகளை ஒரு பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி என் அலமாரியின் மேல் வைத்தேன். பெயரை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. வாடிக்கையாளர்கள் யாராவது "சின்னவருக்குக் குழந்தைங்க?" என்று கேட்டால் மாமா "இனிமேதான்" என்பார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. நாள் முழுக்க ஈரத் துணியோடு மாரடிக்கிறவளுக்கு மேலே வீட்டிலும் ஈரம் எதற்கு என்று நினைக்கிற ஜாதி நான்.

ஆனாலும் ஒரு பேங்க் மேனேஜர் வ.க. என்ற எழுத்தோடு கடைக்கு வந்தபோது, காலியாக இருந்த அந்த எழுத்தைச் சுத்தமாகக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கீழே ஒரு கோடு போட்டுத்தான் கொடுத்தேன். மாமா அந்தக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இப்போது இரண்டாவது பையன். பிரசவத்துக்கு நான்தான் கூட இருந்தேன். நர்ஸ் வந்து, "மொதக் குழந்தையா?" என்று பொதுவாகக் கேட்டாள். பழக்கதோஷத்தில் நான் தலையை ஆட்டப் போனேன். அதற்குள் சின்னவள் வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டாவது" என்றாள். நர்ஸ் போன பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அவன் இருந்தான்க்கா. பால் குடிச்சான், தும்மினான், உங்க மேல ஒண்ணுக்குப் போனான். எல்லாரும் சேர்ந்து அவன் பொறக்கவே இல்லங்கிற மாதிரி பண்ணிட்டீங்க."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது முழுக்க அவள் தலையில்தான் விடிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பையனும் இந்த வீட்டுக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

கடை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி அறையில் எல்லோரும் கூடினோம். மாமாவுக்கு நாற்காலி, எங்களுக்குத் துணி மூட்டைகள். சின்னவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அவன் சுற்றியிருந்த துணிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. ஒழுங்காகக் கட்டிக் கொடுத்த சலவைப் பொட்டலம் மாதிரி இருக்கிறான் என்று என் வீட்டுக்காரர் சொல்லப்போய், பொட்டலம் என்றே எல்லோரும் அவனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் ஒரு பெயர் சொன்னார். மாமா, "அது பேக்கரிக்காரர் எழுத்து" என்றார். இன்னொன்று சொன்னார். "அது அவர் மச்சான் எழுத்து." மூன்றாவதாக அவர் சொன்னது அந்தப் பேக்கரிக்காரர் பெயரேதான். "நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் மாமா. இருபது வருஷமாக இஸ்திரி போடுகிற மனுஷனுக்கு வேறு மனுஷர்களே தெரியாது, பாவம்.

மாமா தொண்டையைச் செருமினார். சின்னவனைப் பார்த்தார். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தபோதே சின்னவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மாமா. "வ.க. காலியாத்தான் கெடக்கு. நல்ல எழுத்து. துணியெல்லாம்கூட அப்படியே புதுசா இருக்கு. அந்தப் பேரையே இவனுக்கு வச்சுட்டா என்ன?"

"அது காலி இல்ல மாமா" என்றாள் சின்னவள்.

மாமா திடுக்கிட்டுப் போனார். அவர் தலைக்குள் தெரியாமல் ஓர் எழுத்து எப்படிக் கைமாற முடியும்? என் பக்கம் திரும்பி, "பெரியவளே, யாருக்காச்சும் குடுத்துட்டியா? அந்த மேனேஜருக்குக் கோடு போட்டுத்தானே குடுத்தே?" என்று கேட்டார்.

"கோடு போட்டுத்தான் மாமா."

"அப்போ காலிதானம்மா?"

"என் மூத்த பையனுக்குக் குடுத்தீங்க" என்றாள் சின்னவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவன் திருப்பிக் குடுக்கல."

அந்த அறையில் அவனைப் பற்றி ஒருவர் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. மாமா வேட்டி நுனியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பேசினது சின்னவன்தான். தலை நிமிராமலே பேசினான்.

"நான்தான் அப்பாவைச் சொல்லச் சொன்னேன். அந்தப் பேரு இந்த வீட்ல கேக்கணும். வாய்விட்டு ஒரு தடவை கூப்பிட முடியல என்னால. இவனுக்கு அதையே வச்சுட்டா தினம் கூப்பிடலாம்ல?"

"இவனைப் பாத்து அவனைக் கூப்பிடப் போறீங்களா?" என்றாள் அவள். "அப்போ இவன் யாரு? இவன் திரும்பிப் பாக்கறப்போ உங்க கண்ணு யாரைத் தேடும்? இவனும் பாவம், அவனும் பாவம். அவனுக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதாங்க. அதையும் புடுங்கி இவன்கிட்ட குடுத்தா அவன்கிட்ட என்ன இருக்கு?"

"நான் புடுங்கலடி. எனக்கு அவன் வேணும்."

"எனக்கும்தான் வேணும்."

குழந்தை அழுதது. கூட்டம் அத்தோடு கலைந்தது. பெயர் முடிவாகாமலே எல்லோரும் மாடி ஏறினோம்.

அதற்குப் பிறகு நாட்கள் நன்றாக இல்லை. இருவரும் பேசிக்கொண்டார்கள், பால் வாங்குவதைப் பற்றியும் கதவைச் சாத்துவதைப் பற்றியும். சின்னவன் மிஷினோடு மிஷினாக நின்றான். பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுக்கக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இருவரும் தனித்தனியாக வந்து நியாயம் கேட்டார்கள். சின்னவன் சொன்னபோது அவன் சொல்வது சரியாக இருந்தது. சின்னவள் சொன்னபோது அவள் சொல்வது சரியாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் பக்கம் தப்பு இருந்தால் திட்டித் தீர்த்துவிடுவேன், எனக்கு அது கைவந்த கலை. இரண்டு பேரும் அழுகிற இடத்தில் எனக்கு வேலை தெரியாது.

கடைசியில் வழிக்கு வந்தவர் மாமாதான். ஒருநாள் சின்னவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். அந்த வாசலுக்கு அவர் வருவதே அபூர்வம்.

"நீ என்ன பேரு நெனச்சிருக்கே?"

அவள் சொன்னாள். மாமா வழக்கம்போலக் கண்ணை மூடினார். வ.ந. என்று வருகிறது, அது மருந்துக் கடைக்காரரின் எழுத்து என்று எனக்கே தெரியும். எங்கள் கடை திறந்த நாளிலிருந்து வருகிற மனிதர். சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

"மருந்துக் கடைக்காரருக்கு இனிமே ஒரு கோடு போட்டுக்கலாம்" என்றார் மாமா. "கேட்டா நான் பேசிக்கறேன்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பெரியவனோட எழுத்தை நான் காலின்னு சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூத்த பேரனைப் பெரியவன் என்று அவர் வாயிலிருந்து கேட்டதும் சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டாள். கஞ்சி பாதி வேக்காட்டில் நின்றது.

அப்படியாக வ.ந. முடிவானது. சின்னவன்தான் போய்ப் பதிந்துவிட்டு வந்தான். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேனாவை அவன் தொடவில்லை. பொட்டலத்தின் புதுத் துணிகளில் நான்தான் வ.ந. என்று எழுதினேன். அவன் மிஷின் பக்கம் திரும்பி நின்று தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுத்து விஷயத்தில் தோற்றது பெரிதில்லை. அந்தப் பெயர் இனி எந்தக் காலத்திலும் இந்த வீட்டில் ஒலிக்காது என்று அவன் முடிவு கட்டிக்கொண்டுவிட்டான். அது அவன் முதுகிலேயே தெரிந்தது.

அந்த வாரம் பேய்மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. அதற்குத்தான் காத்திருந்ததுபோலத் துணி உலர்த்துகிற மிஷினின் பெல்ட்டும் அறுந்தது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றான். எந்த நாளை என்று சொல்லவில்லை. பொட்டலமோ வயிற்றுப்போக்கு வந்து துணிக்கு மேல் துணி நனைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். விடிந்து கடை திறக்கிற நேரத்தில் பார்த்தால் அவனுக்குப் போட உலர்ந்த சட்டை ஒன்றுகூட இல்லை. ஊர்த் துணியெல்லாம் அடுக்கடுக்காக மடித்து வைத்திருக்கிற கடையில் எங்கள் பிள்ளை அம்மணமாகக் கிடந்தான்.

சின்னவள் அவனைத் தன் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு கீழே வந்தாள்.

"அக்கா, உங்க அலமாரி மேல இருக்கிற மூட்டையை எடுங்க."

நான் அவளையே பார்த்தேன். "எந்த மூட்டை?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டேதான்.

"அதேதான். எடுங்கக்கா, குளுருது இவனுக்கு."

எடுத்து வந்து இஸ்திரி மேஜையில் வைத்துப் பிரித்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மடிப்பு மட்டும் லேசாக மஞ்சளோடியிருந்தது. சின்னவன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து எட்ட நின்றான். ஒரு சட்டை சற்று விரிந்து, காலர் உள்பக்கத்தில் அவன் கையெழுத்தில் வ.க. என்று தெரிந்தது. கறுப்பு கொஞ்சமும் மங்கவில்லை.

"இதெல்லாம் வேண்டாம்னு சொன்னியே" என்றான்.

"துணி வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? யாராவது கேட்டீங்களா என்னை? அவன் பேரை எடுத்து இவனுக்கு வைக்காதீங்கன்னுதான் சொன்னேன்."

"இதுல அவன் எழுத்து இருக்கே. இது எப்படியும் போகாதே. இவனுக்குப் போட்டா..."

"இருக்கட்டும். அவனோட சட்டை, அவன் எழுத்துதானே இருக்கும்?" அவள் குழந்தையை மேஜைமேல் கிடத்தித் துப்பட்டாவைப் பிரித்தாள். "அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கறதில்லையா? எந்த வீட்லங்க போடல? உங்க அண்ணன் சட்டையைப் போட்டுத்தானே நீங்க பள்ளிக்கூடம் போனீங்க?"

மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "கிழிச்சுக் கிழிச்சுப் போடுவான்" என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் சரியான நேரத்தில் சரியாகப் பேசியது அது ஒன்றுதான்.

சின்னவன் பக்கத்தில் வந்தான். சட்டையை எடுத்து உதறினான். மிஷின் பார்க்கிறவன் கை எப்போதும் ஈரம்தான். பேன்ட்டில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, குழந்தையின் ஒரு கையைப் பிடித்துச் சட்டைக் கைக்குள் நுழைத்தான். பொட்டலம் முரண்டு பிடித்துக் காலை உதைத்தான். சின்னவன் மற்றக் கையைப் பிடித்து நுழைத்தான், முடிச்சுப் போட்டான். பிறகு குனிந்து, அவன் காதுப் பக்கம் இல்லை, நேருக்கு நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஆட்டாதடா கையை. இது உங்க அண்ணன் சட்டை. பத்திரமாப் போட்டுக்க, என்ன? உங்க அண்ணன் பேரு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்கிற மாதிரி அவன் விழித்தான். சின்னவன் அந்தப் பெயரைச் சொன்னான், முழுப் பெயராக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. முதல் தடவை நடுவில் உடைந்துவிட்டது. இன்னொரு தடவை சொன்னான். வாசல் பக்கம் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த மாமா பாதியில் நிறுத்தி, பிடித்த பிடியில் அப்படியே நின்றார்.

பாதி திறந்திருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் தலையணை உறைகளோடு உள்ளே வந்து என்னெதிரில் நின்றார். எண்ணத் தொடங்கினேன். நாலு உறைக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், மறுபடி அங்கேயே நின்றுபோனேன். வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாருங்கள் என்று அவரை அனுப்பிவைத்தேன். எழுத்துக்கூடக் கேட்கவில்லை.